முற்றுப்புள்ளி வைத்தது யார்?

அத்தியாயம் ஆறு

மணிலாவை அடுத்த மலபோன் நகரில் மாங் தெரோயின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மழைவெள்ளம் வந்தால் தெருவிலேயே முதலில் நனைவது அதுதான். எல்லோர் வீடும் காய்ந்த பிறகு கடைசியாகக் காய்வதும் அதுதான். அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கும் தரையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. மாங் தெரோய் இரண்டு கால்களையும் மேஜைமேல் தூக்கிவைத்துக்கொண்டு கைப்பேசியை வெறித்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கொலை வழக்கின் முடிச்சை அவிழ்க்கிறார் என்றுதான் தோன்றும். உண்மையில், இணையத்தில் தாம் எழுதிவரும் 'என் வழக்குகள்' தொடரை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு பாஸ்?" என்றாள் உதவியாளர் பிங், துடைப்பத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளியபடி.

"ஒம்பது."

"நேத்தும் ஒம்பதுதான?"

"நிலையான வாசகர் வட்டம்."

"அதுல நாலு பேரு நான்தான் பாஸ். வேற வேற பேர்ல வர்றேன்."

மாங் தெரோய் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மனிதனுக்குச் சில உண்மைகள் தெரியாமல் இருப்பதே ஆரோக்கியம் என்று இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை பார்த்தபோதே அவருக்குத் தெரியும். சொந்த விஷயத்தில் மட்டும் அது மறந்துவிடும்.

அப்போதுதான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"நான் லுஸ்விமிந்தா. மிந்தான்னு கூப்பிடுவாங்க. மூலைல இருக்கற சலவைக் கடைல வேல. என் பேரை யாரோ திருடிட்டாங்க. நாலு மணிக்குள்ள திருப்பி வாங்கித் தரணும்."

"எந்தப் பேரு? லுஸ்விமிந்தாவையா?"

"இல்ல. நுரை."

பிங்கின் கையிலிருந்து துடைப்பம் தண்ணீரில் விழுந்தது. "நீங்களா நுரை? 'கப்பித்தான் அனஸ்தாசியோவின் மூன்றாவது மனைவி' எழுதற நுரையா? மூணு லட்சம் பேரு படிக்கற நுரையா?"

மூன்று லட்சம் என்றதும் மாங் தெரோய் ஒன்பதிலிருந்து நாலைக் கழித்துப் பார்த்தார்.

மிந்தா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், ஆலிங் இசிங்கின், காசு போட்டால் ஓடும் கணினிக் கடையில் உட்கார்ந்துதான் அறுபது அத்தியாயம் எழுதியிருக்கிறாள். யாருக்கும் சொன்னதில்லை. "கதைல வர்ற பாதி ஆளுங்க என்கிட்ட சலவைக்குத் துணி போடறவங்க, ஐயா. சட்டைப் பையில என்னென்ன கெடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊர்ல ஒருத்தரும் எனக்குத் துணி போட மாட்டாங்க." பதினோரு நாளுக்கு முன்னால் வெள்ளம் வந்து சலவைக் கடை மூழ்கியது. சேறு அள்ளுகிற வேலையில் கணினிப் பக்கமே போக முடியவில்லை. திரும்பிப் போனால் பாஸ்வேர்ட் மாறியிருக்கிறது. அவள் எழுதாத மூன்று அத்தியாயங்கள் அவள் பெயரில் வந்திருக்கின்றன. போதாததற்கு, இன்று மாலை நாலு மணிக்கு மலபோன் தேவாலயத்துப் பக்கத்து பன்சித் நூடுல்ஸ் கடையில் 'நுரை'யோடு புத்தக ஒப்பந்தம் போடப்போவதாக மணிலாப் பதிப்பகம் ஒன்று அறிவித்திருக்கிறது.

"பதிப்பகத்துக்கு எழுதிச் சொன்னீங்களா, நான்தான் நுரைன்னு?"

"சொன்னேன். 'அப்படிச் சொல்லும் பத்தொன்பதாவது நபர் நீங்கள்'னு பதில் வந்துச்சு. கணக்கு யார் கையில இருக்கோ அவங்கதான் எழுத்தாளராம்." அவள் செருப்பை மறுகைக்கு மாற்றினாள். "புத்தகத்து அட்டைல என் சொந்தப் பேரைப் போடச் சொல்லலாம்னு இருந்தேன், ஐயா. துணி வராட்டியும் பரவால்லன்னு முடிவு பண்ணி, ஒரு வாரமா மனசைத் தேத்தி வச்சிருந்தேன்."

மாங் தெரோய் கால்களைத் தண்ணீரில் இறக்கினார். வழக்கை ஏற்றுக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

பிங்கின் கைப்பேசியில் கதையைப் புரட்டினார். ஐந்து நிமிடத்தில் புருவம் ஏறியது. "ஒவ்வொரு அத்தியாயமும் பாதி வாக்கியத்துலயே நிக்குதே?"

"அதான் பாஸ் அவங்க பாணி! 'அறுந்த வாக்கியங்களின் அரசி'ன்னு ஒரு பேராசிரியர் கட்டுரையே எழுதியிருக்காரு. மீதி வாக்கியம் என்னவா இருக்கும்னு சண்ட போடறதுக்குத் தனிக் குழு இருக்கு. அறுபதாவது அத்தியாயத்தப் பாருங்க, டாக்டர் கப்பித்தானோட கையப் புடிச்சுப் பாத்துட்டு, 'இனிமேல் இவர்'னு சொல்றாரு. அதோட முடிஞ்சுது. எங்கம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

"இது எப்படிங்க யோசிச்சீங்க?" மாங் தெரோயின் குரலில் தொழில் ஆர்வம் தெரிந்தது. துப்பறியும் தொழில் அல்ல.

மிந்தா சங்கடப்பட்டாள். "யோசிச்செல்லாம் இல்ல. ஆறு பெசோ போட்டா அரை மணி நேரம். கடைசி நிமிஷத்துல செவப்பு எண்ணு மினுக்கி, கீ கீன்னு கத்த ஆரம்பிக்கும். அப்ப எந்த எடத்துல இருக்கனோ அங்கயே 'வெளியிடு'வ அழுத்திருவேன். மறுநாள் முந்தின வரியப் படிச்சுப் பாக்க நேரம் செலவாகுமேன்னு புதுசா ஆரம்பிச்சிருவேன்."

பிங் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "பேராசிரியர் பாவம்."

"கணக்குலேர்ந்து வெளியேறிட்டுத்தான் எழுந்திருப்பீங்களா?"

"வெளியேறுற அளவுக்கு நேரமிருந்தா இன்னொரு வரி எழுதியிருப்பனே ஐயா. தெரை தானா கறுப்பாயிடும். எழுந்து வந்துருவேன்."

மாங் தெரோய் மேஜையைத் தட்டினார். திரைதான் கறுப்பாகும், அதன் பின்னால் எல்லாம் திறந்தபடியே இருக்கும். அடுத்த ஆள் ஒரு பெசோ போட்டால் மிந்தாவின் கணக்கு அப்படியே மடியில் வந்து உட்காரும். இந்த ஊரில் ஒருவர் தன் பெயரைத் தொலைக்க ஐந்து நிமிடமும் ஒரு பெசோவும் போதும்.

"யார் மேல சந்தேகம்?"

"ஜெரிக்கோ. 'முப்பதே நாளில் முன்னணி எழுத்தாளர்'னு இணையத்துல வகுப்பு எடுக்கறாரே, அவரு. கணக்க எனக்கு வித்துருன்னு ரெண்டு தடவ எழுதினாரு."

மாங் தெரோய் இருமினார். "அவரு நம்பர் என்கிட்ட... தற்செயலா இருக்கு." அழைத்தார். ஒலிபெருக்கியைப் போடாமல் இருந்திருக்கலாம்.

"மாங் தெரோய்!" என்று உற்சாகமாகக் கத்தியது எதிர்முனை. "மூணாம் பாடத்து வீட்டுப்பாடம் இன்னும் அனுப்பலயே! 'உங்கள் வாசகரை முதல் வரியில் அழவையுங்கள்'!"

பிங் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மாங் தெரோய் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றுமில்லை.

"அது கெடக்கட்டும் ஜெரிக்கோ. நுரையோட கணக்கத் திருடினது நீயா?"

"ஐயோ, நானா? நானே அழுதுட்டிருக்கேன்! என் ஒம்பதாவது பாடமே 'வாக்கியத்தை அறுக்கும் கலை'தான். இந்தப் புது அத்தியாயம் மூணையும் பாத்தீங்களா? மூணும் முற்றுப்புள்ளி வச்சு முடியுது! 'நுரையே புள்ளி வைக்குது, நாங்க ஏன் அறுக்கணும்'னு மாணவருங்க கேக்கறாங்க. அந்தக் கணக்கு என் கைல கெடச்சிருந்தா, முதல் வார்த்தையிலயே அறுத்திருப்பனே!"

மாங் தெரோய் கைப்பேசியை மேஜை விளிம்பில் வைத்தபோது முகம் மாறியிருந்தது. "இவன் இல்ல. பிங், புதுசா வந்த மூணு அத்தியாயத்தோட கடைசி வரியப் படி."

"'கப்பித்தான் கண் விழித்தார்; இனி அவருக்கு ஒரு குறையும் இல்லை.' 'எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கப் போனார்கள்.' 'அத்துடன் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.'"

"கேட்டியா? பேரும் புகழும் வேணுங்கறவன் பாதியில நிறுத்துவான். இது, பாதியில நிக்கறதத் தாங்க முடியாத மனசு. அதாவது வாசகர். அவசரமே இல்லாம உக்காந்து எழுதின வாசகர். வெளியான நேரம் என்ன?"

"மூணும் காலைல ஆறு மணி."

"கடை எப்பத் தெறப்பாங்க, மிந்தா?"

"எட்டுக்கு." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கணக்கு தெறந்து கெடந்தது அந்தக் கடைல. ஒப்பந்தத்துக்கு மணிலாக்காரங்கள மலபோனுக்கே வரவழைச்சிருக்காங்க. வெளியூர்க்காரனா இருந்தா எதுக்கு இங்க வரச் சொல்றான்? கடை தெறக்கறதுக்கு முன்னாடி, பெட்டி கத்தாம, காசு போடாம, நிம்மதியா புள்ளி வைக்கக்கூடிய ஆளு ஒருத்தர்தான். காசுப் பெட்டியோட சாவி யாருகிட்ட இருக்கோ, அவங்க."

ஆலிங் இசிங்கின் கடைக்குள் மூவரும் நுழைந்தபோது மணி மூன்றே கால். பத்து கணினிகள், பத்து முதுகுகள். ஆலிங் இசிங் விசிறியும் கையுமாக உயரமான ஸ்டூலில் வீற்றிருந்தார். அவருக்கு மேலே சுவரில் தடித்த எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. பிங் அதைப் படித்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் படித்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"பாஸ், அட்டைல என்ன போட்டிருக்கு? 'கெட்ட வார்த்தை பேசினால் அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். நாற்காலிமேல் கால் வைக்காதே.' அறுபத்திரெண்டாம் அத்தியாயத்துல கடற்கொள்ளைக்காரங்க கப்பல்ல ஏறுறாங்க. கப்பித்தான் வாளை உருவிட்டு என்ன சொல்றார் தெரியுமா? 'என் கப்பலில் கெட்ட வார்த்தை பேசினால் அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும்!'"

"வெளியன்னா கடல்ல," என்றார் மாங் தெரோய். "ஆலிங் இசிங், நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

விசிறி நின்றது. ஆனால் ஆலிங் இசிங்கின் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, பெருமைதான் இருந்தது.

"ஆமா, நான்தான்! என்னய்யா பண்ணச் சொல்ற? நாலாம் நம்பர் கணினியில கணக்கு தெறந்து கெடக்கு. கப்பித்தான் சாகக் கெடக்கறாரு. எழுத்தாளரு ஒரு வரி எழுதக் காணோம். ஒரு நாளு பாத்தேன், ரெண்டு நாளு பாத்தேன். மூணு ராத்திரி தூக்கமில்ல, ரத்தக் கொதிப்பு ஏறிடுச்சு. நாலாம் நாளு சாந்தோ நீன்யோ குழந்தை ஏசுவக் கும்பிட்டுட்டு நானே உக்காந்து காப்பாத்திட்டேன். அடுத்தவங்க கை வச்சிருவாங்கன்னுதான் பாஸ்வேர்டயும் மாத்தினேன்."

"பதிப்பகத்துக்கு?"

"கடுதாசு வந்துச்சு. ஒரு வாரத்துல பதில் போடலன்னா வாய்ப்பு போயிடும்னு இருந்துச்சு. விட்டுட முடியுமா? சரின்னு போட்டேன். எழுத்தாளரு நடக்கக் கஷ்டப்படுவாரேன்னு இங்கயே வரச் சொன்னேன்."

"நடக்கக் கஷ்டமா?" என்றாள் மிந்தா. "யாருக்கு?"

"அவருக்குத்தான்! தினம் நாலாம் நம்பர்ல உக்காருவாரே, மாங் கார்டிங். கண்ணாடி, துணிப்பை, நெத்தியச் சுருக்கிட்டு ஒரே யோசன. பாத்தாலே தெரியலயா எழுத்தாளருன்னு? ஒம்பது நாளா தினம் ஒரு பொரிச்ச வாழப்பழ துரோன் குடுத்து, காப்பி குடுத்து, 'சார், அடுத்தது எழுதுங்க சார்'னு கெஞ்சிட்டிருக்கேன். மனுஷன் சிரிச்சுட்டே சாப்பிடறாரு. பாஸ்வேர்ட சீட்டுல எழுதிக் குடுத்து இப்பத்தான் சைக்கிள் ரிக்‌ஷாவுல அனுப்பி வச்சேன்."

மிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவரு நாலாம் நம்பர்ல சீட்டு வெளையாட வர்றவரு, ஆலிங் இசிங். எனக்கு எடம் விடறதுக்காகத் தினம் மதியம் எந்திரிச்சுப் போவாரு."

ஆலிங் இசிங் அவளை மேலும் கீழும் பார்த்தார். சுருங்கிய விரல்களில் பார்வை நின்றது. "நீயா? வெளிநாட்டு வேலைக்கு மனு போடறேன்னு சொல்லிட்டு துண்டப் போத்திட்டு உக்காருவியே, நீயா? ஏசு மரி சூசையே! என் வீட்டுக்காரர் சட்டையில கறை போகலன்னு சொன்னவளா?"

"அதப்பத்தி அப்பறம் பேசிக்கலாம்," என்றார் மாங் தெரோய். "மணி மூணே முக்கால்."

மூன்று பேர் உட்காரும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆலிங் இசிங்கையும் சேர்த்து நாலு பேர், முழங்கால் தண்ணீரில். மிதிக்கிறவர் பாதி வழியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மாங் தெரோயும் இறங்கித் தள்ளினார். "மூணாம் பாடம் நெஜமாவே அனுப்பலயா பாஸ்?" என்று மேலிருந்து பிங் கேட்டாள். அவர் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

பன்சித் கடையில், ஆறிக்கொண்டிருந்த நூடுல்ஸ் தட்டுக்கு இந்தப் பக்கம் பதிப்பகத்தின் மேடம் ஒரோப்பேசா. அந்தப் பக்கம் மாங் கார்டிங். நடுவில் ஒப்பந்தத் தாள். பேனா அவர் கையில். மேடம் கன்னத்தில் கைவைத்து மயங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"...வாக்கியம் ஏன் முடியணும்?" என்றார் மாங் கார்டிங் கனிந்த குரலில். "வாழ்க்கை முடியுதா? டாக்டர் 'இனிமேல் இவர்'ங்கறாரு. அதுக்கு மேல என்ன இருக்கு? வெட்டவெளி. நாம எல்லாருமே ஒரு 'இனிமேல் இவர்'தான்."

"காசு தீந்துடுச்சு," என்றாள் மிந்தா.

எல்லோரும் திரும்பினார்கள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் நின்றாள். "இனிமேல் இவர் உணவுல உப்பு சேக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தாரு. அதுக்குள்ள பெட்டி கத்திருச்சு."

"உப்பா?" ஆலிங் இசிங்கின் அலறலில் சமையலறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். "உப்புக்காகவாடி நான் மூணு ராத்திரி தூங்கல?"

மேடம் ஒரோப்பேசாவின் முகம் சுருங்கியது. வெட்டவெளியிலிருந்து உப்புக்கு இறங்குவது படித்தவர்களுக்குக் கஷ்டம்தான். "மன்னிக்கணும். நீங்க இருபதாவது ஆளு. கணக்கு இவர்கிட்ட இருக்கு. நீங்கதான்னு எப்படி நம்பறது?"

மாங் தெரோய் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "சுலபம், மேடம். உங்க மடிக்கணினியக் குடுங்க. ரெண்டு பேரும் எழுதட்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம். கணக்கத் திருடலாம். பாதியில நிக்கறதுக்குப் பழகின கையத் திருட முடியாது."

மாங் கார்டிங் மடிக்கணினியைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். மெல்ல மூடியைப் போட்டு அதை மிந்தாவின் பக்கம் உருட்டிவிட்டார்.

"நாப்பது வருஷம் வீடு வீடா தண்ணி மீட்டர் கணக்கெடுத்தவன்மா நான். என்னைப் பாத்ததும் நாயிங்க மட்டும்தான் எந்திரிச்சு நிக்கும். இந்த ஒம்பது நாளா ஒருத்தங்க 'சார், அடுத்தது என்ன சார்'னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். பாஸ்வேர்ட்: சாகாதீங்ககப்பித்தான்.

ஒரோப்பேசா சீட்டைப் பார்த்தார். "அவர் விலகிட்டா மட்டும் இவங்க நுரை ஆயிடுவாங்களா? எழுதட்டும்."

மிந்தா உட்கார்ந்தாள். பழக்கத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். பிங் கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் இரண்டு நிமிடம் அந்தச் சுருங்கிய விரல்கள் அசையவே இல்லை. மாங் தெரோய் யோசித்தார். காசு விழாத இடத்தில் இவளுக்கு எழுத வராதோ? சட்டைப் பையைத் துழாவி, இரண்டு பெசோ நாணயங்களை எடுத்து, சத்தம் கேட்கும்படி மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

டக். டக்.

விரல்கள் பாய்ந்தன.

மேடம் ஒரோப்பேசா முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு எழுந்து மிந்தாவின் முதுகுப்பக்கம் போய் நின்றார். ஆலிங் இசிங் ஏற்கெனவே அங்கே நின்றார். மூன்றாவது மனைவி துறைமுகத்தில் கப்பித்தானின் அழுக்குச் சட்டையைத் துவைக்க எடுக்கிறாள். பையில் ஒரு ஈரக் கடிதம். பிரிக்கிறாள். மை கரைந்திருக்கிறது. ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள்.

"கீ கீ கீ," என்றாள் பிங், வாயாலேயே.

மிந்தாவின் கை தானாக நின்றது. திரையில் கடைசி வரி: 'அந்தப் பெயரைப் படித்ததும் அவள் சிரித்தாள், ஏனென்றால் அது'

"அது?" என்றார் மேடம் ஒரோப்பேசா.

மிந்தா துண்டை மடித்துத் தோளில் போட்டாள்.

"அது யாரு? அப்பறம்?" மேடத்தின் குரல் உடைந்தது. பதிப்பகத்துக்காரர் குரலாக அது இல்லை. மூன்று லட்சத்தில் ஒன்றாக இருந்தது.

"நாளைக்கு மதியம்," என்றாள் மிந்தா, எழுந்து நாற்காலியை அடுத்த ஆளுக்குத் துடைத்து விட்டபடி.

மேடம் ஒப்பந்தத்தை அவள் முன்னால் நகர்த்தினார். 'எழுத்தாளர் பெயர்' என்ற இடத்தில் மிந்தா ஒரு கணம் தயங்கினாள். ஆலிங் இசிங்கைப் பார்த்தாள். பிறகு லுஸ்விமிந்தா என்று முழுசாக எழுதி, பக்கத்தில் அழுத்தமாக ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் சட்டையில அப்படி என்னடி கெடந்துச்சு?" என்று ஆலிங் இசிங் காதோடு கேட்டார்.

"அறுபத்தஞ்சாவது அத்தியாயத்துல வரும், ஆலிங் இசிங்."

ஆலிங் இசிங் நேரே மாங் கார்டிங்கின் எதிரே போய் உட்கார்ந்து, இரண்டு துரோன் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து மாங் தெரோய் கைப்பேசியில் கட்டைவிரலால் எதையோ வேகமாக அடித்துக்கொண்டிருந்தார். பிங் எட்டிப் பார்த்தாள். 'என் வழக்குகள்', புது அத்தியாயம். கடைசி வரி: 'முற்றுப்புள்ளி வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது' என்று நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு 'வெளியிடு'வை அழுத்தினார்.

ஒரு நிமிடம். இரண்டு. கைப்பேசி டிங் என்றது. ஒரே ஒரு பின்னூட்டம். 'அப்புறம்?'

மாங் தெரோய் சந்தேகத்தோடு திரும்பினார். "நீயா?"

பிங் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் துரோன்.

"நான் இல்ல பாஸ். என் போனு உங்க கைல இருக்கறதுதான். உங்களுது அலுவலகத்துல தண்ணிக்குள்ள விழுந்துருச்சுன்னு நீங்கதான வாங்கினீங்க."